பானையும் குளிரறையும்: நைஜீரியாவின் இரண்டு விடைகள்

நைஜீரியாவின் வடக்கே கானோ மாநிலத்தில் விளையும் தக்காளி, ரஃபியா ஓலையில் முடைந்த கூடைகளில் அடைபட்டு லாரியில் ஏறுகிறது. ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தெற்கே, லாகோஸ் நகரின் மைல் 12 சந்தையில் இறங்குகிறது. வழியெல்லாம் வெயில். கூடையின் அடியில் கிடக்கும் பழம் மேலே இருப்பவற்றின் பாரத்தில் நசுங்க, அதன் சாறு பட்டு அடுத்ததும் கெடுகிறது. சந்தையில் அழுகலைக் கழித்த பிறகுதான் விலைப் பேச்சே தொடங்கும். கழிவு எல்லாம் விவசாயியின் கணக்கில்தான் ஏறும்.

குளிர்பதனக் கிடங்கு கட்டினால் தீராதா என்று கேட்கலாம். கம்ப்ரஸர் ஓட மின்சாரம் வேண்டும். 2024 ஆம் ஆண்டில் மட்டும் அந்த நாட்டின் மின்தொகுப்பு பத்து முறைக்கும் மேல் நிலைகுலைந்தது. கிராமங்களில் கம்பியே எட்டாத இடங்கள் ஏராளம். டீசல் ஜெனரேட்டரை நம்பினால் தக்காளி விற்ற காசில் பெரும்பங்கு டீசலுக்கே போய்விடும்.

இந்த முடிச்சை அவிழ்க்க அந்த மண்ணிலிருந்தே இரண்டு விடைகள் வந்தன. முதலாவது வடகோடி ஜிகாவா மாநிலத்தைச் சேர்ந்த முகமது பா அப்பாவுடையது. குயவர் குடும்பத்தில் பிறந்து கல்லூரி ஆசிரியரானவர். 1995 இல் பானைக்குள் பானை வைத்துக் காய்கறியைக் குளிர வைக்கும் முறையை உருவாக்கினார். அதற்காக 2000 ஆம் ஆண்டின் ரோலெக்ஸ் விருதைப் பெற்றார். இரண்டாவது விடை தெற்கே இமோ மாநிலத்தின் ஓவெரி நகரிலிருந்து வந்தது. உழவர்களுக்கென்று வானொலி நடத்தி, 2010 இல் அதே விருதை இளையோர் பிரிவில் பெற்ற நெமேகா இகெக்வுவோனு, நிகழ்ச்சி தயாரிக்க நாட்டின் நடுப்பகுதியிலுள்ள ஜோஸ் பீடபூமிக்குப் போனபோது விளைந்தது வீணாகும் அளவைப் பார்த்தார். 2015 வாக்கில் கோல்ட்ஹப்ஸ் என்ற பெயரில் சூரிய மின்சாரத்தில் ஓடும் குளிரறைகளைச் சந்தைகளிலும் வயல் பக்கத்திலும் நிறுவத் தொடங்கினார்.

ஒன்று மண், மற்றது இயந்திரம் என்பதால் பானையை ஏழையின் தற்காலிக ஏற்பாடு என்றும், குளிரறையை முன்னேற்றம் என்றும் பலரும் வரிசைப்படுத்துகிறார்கள். அந்த வரிசை எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் வேறு வேறு காற்றுக்கும், வேறு வேறு சரக்குக்கும், வேறு வேறு மனிதருக்கும் உரியவை.

பானையை முதலில் பார்ப்போம். மெருகேற்றாத பெரிய பானை ஒன்று. அதற்குள் சிறியது ஒன்று. இரண்டுக்கும் நடுவே சில விரற்கடை இடைவெளி விட்டு, அதில் மணலைக் கொட்டி நிரப்புகிறார்கள். காலையும் மாலையும் அந்த மணலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். உள்பானையில் காய்கறியை அடுக்கி, வாயை ஈரத்துணியால் மூடி, வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். வெளிப்பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளேயிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. 7 கிலோ பனிக்கட்டி உருகும்போது இழுக்கும் வெப்பமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு செம்புத் தண்ணீர் எந்தக் கம்பியும் இல்லாமல் அத்தனை வேலையைச் செய்துவிடுகிறது.

பா அப்பா சோதித்தபோது, மூன்று நாளில் கெடும் கத்தரிக்காய் பானைக்குள் 27 நாள் தாங்கியது. ஒரே நாளில் வாடிவிடும் கீரை 12 நாள் வரை உண்ணத்தக்கதாக இருந்தது. சூடானின் டார்ஃபூர் பகுதியிலும் இதே பானை பரவியது. அங்கே செய்த சோதனையில் இரண்டு நாள் தக்காளி 20 நாள் நின்றது. வெண்டைக்காய் 4 நாளிலிருந்து 17 நாளுக்கு நீண்டது.

இந்த எண்களைப் படிப்பவர், பானையை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் இதுதான் நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் பிடித்தால் ஓர் எண்ணைக் காட்டும். பாடநூல்கள் அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்கின்றன. ஆவியாதல் மூலம் எவ்வளவு குளிர்வித்தாலும் அந்த எண்ணுக்குக் கீழே இறங்க முடியாது. சகாராவிலிருந்து ஹர்மட்டான் என்னும் வறண்ட காற்று வீசும் பருவத்தில் ஜிகாவாவில் பகல் 35 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 20 சதவீதம் என்று கொள்வோம். ஈரக்குமிழ் எண் 19 டிகிரி அளவில் நிற்கும். நடைமுறையில் பானை அதற்கு இரண்டு மூன்று டிகிரி மேலேயே நின்றுவிட்டாலும் தக்காளிக்கு அது போதும். இப்போது அதே பானையை ஓவெரிக்குக் கொண்டுபோவோம். மழைக்காலப் பகல் 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். எண் 28 இல் நின்றுவிடுகிறது. மணலில் எத்தனை குடம் ஊற்றினாலும் நான்கு டிகிரிக்கு மேல் குறையாது. உள்ளே பூஞ்சைதான் பிடிக்கும். வேலூர், கரூர் பக்கம் சித்திரை மாதப் பகலில் சில்லென்று இருக்கும் மண்பானைத் தண்ணீர், சென்னையின் புழுக்கத்தில் அவ்வளவு குளிராததும் இதனால்தான்.

ஆகவே ஜிகாவாவில் பானை பிறந்ததும் ஓவெரியில் குளிரறை பிறந்ததும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொன்றும் அதனதன் ஊர்க் காற்றுக்குப் பொருந்துகிறது. பிறகு அந்த விடைகளை வேறு ஊர்களுக்கு எடுத்துச் சென்றவர்களில் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. கரையோர ஈரநாடுகளிலும் பானைத் திட்டங்கள் பேசப்பட்டதற்கு அதுவே காரணம். மாலி நாட்டில் எம்.ஐ.டி.யின் டி-லேப் குழுவினரும் உலகக் காய்கறி மையமும் சேர்ந்து செய்த ஆய்வு, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் குறைவாகவும் பகல் 25 டிகிரிக்கு மேலும் இருக்கும் இடங்களே ஆவியாதல் குளிர்விப்புக்கு ஏற்றவை என்று வரையறுத்தது. இந்தச் சாதனங்களைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றுள் இதைவிடப் பயனுள்ள வாக்கியத்தை நான் படித்ததில்லை.

குளிரறையின் கதை வேறு. பத்தடிக்குப் பத்தடி அறை. சுவர் 120 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெப்பத்தடுப்புப் பலகை. கூரையில் சூரியத் தகடுகள்; அவை பேட்டரியை நிரப்ப, பேட்டரி இன்வெர்ட்டர் வழியாகக் குளிர்விக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறது. விவசாயியோ சில்லறை வியாபாரியோ ரஃபியா கூடையில் கொண்டுவருவதை பிளாஸ்டிக் கிரேட்டுக்கு மாற்றி உள்ளே அடுக்குகிறார்கள். ஒரு கிரேட் 20 கிலோ. 150 கிரேட் கொள்ளும். ஆக மொத்தம் 3 டன். தொடக்க காலத்தில் ஒரு கிரேட்டுக்கு ஒரு நாளைக்கு 100 நைரா வாங்கினார்கள், அன்றைய மதிப்பில் அரை டாலர். யாரும் அறையை வாங்க வேண்டியதில்லை. வைத்த நாளுக்கு மட்டும் காசு. இரண்டு நாள் நிற்கும் சரக்கு 21 நாள் வரை நிற்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு.

கிரேட்டுக்கு மாற்றுவது சின்ன விஷயமாகத் தோன்றும். என் கணிப்பில், அங்கே மிச்சமாகும் தக்காளியில் ஒரு பங்கு குளிரினால் அல்ல, அந்தக் கிரேட்டினால்தான். அடுக்கின்மேல் அடுக்கு வைத்தாலும் பாரத்தைப் பழம் சுமப்பதில்லை, கிரேட்டின் விளிம்பு சுமக்கிறது. நசுங்காத பழத்துக்குள் பூஞ்சை எளிதில் நுழைவதில்லை. குளிரறை வாங்கப் பணமில்லாத ஊர், கிரேட்டை மட்டுமாவது இன்றே வாங்கலாம்.

சூரிய வெளிச்சம் இலவசம், எனவே குளிரும் இலவசம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. மத்தியானம் பறித்து 35 டிகிரிச் சூட்டோடு வரும் ஒரு டன் தக்காளியை 10 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 28 யூனிட் அளவுக்கு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நல்ல இயந்திரமாக இருந்தாலும் அதற்கு 11 யூனிட் மின்சாரமாவது பிடிக்கும். ஐந்தாறு கிலோவாட் தகடுகள் நல்ல வெயில் நாளில் தருவது 20 யூனிட்டும் கொஞ்சம் கூடவும். ஒரே ஒரு டன் சூடான சரக்கு, அன்றைய மின்சாரத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே புகும் ஈரக்காற்று குழாய்களின்மேல் பனியாகப் படிந்து இன்னொரு பங்கைத் தின்கிறது. விடியற்காலையில் பறித்து, நிழலில் ஆறவிட்டுக் கொண்டுவரச் சொல்வதும், நாளுக்கு இத்தனை தடவைதான் கதவு திறக்கும் என்று நேரம் வைப்பதும் கெடுபிடி இல்லை. அந்த அறை உயிரோடு இருப்பதற்கான நிபந்தனை. அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் திறமையானவராக இல்லாவிட்டால், தகடு எத்தனை வைத்தும் பயனில்லை.

எந்தச் சரக்குக்கு எது என்ற கேள்வியில்தான் பானைக்கு எதிர்பாராத பெருமை காத்திருக்கிறது. தக்காளி, கத்தரி, வெண்டை, மா, வாழை எல்லாம் வெப்ப நாட்டுப் பிள்ளைகள். ரொம்பக் குளிர்ந்தால் அவற்றுக்குக் காயம் உண்டாகும். வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுக்கும். செங்காயாக இருக்கும் தக்காளியைப் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே சில நாள் வைத்துவிட்டு வெளியே எடுத்தால் சரியாகப் பழுக்காது, சுவையும் போய்விடும். கத்தரிக்காயின் தோலில் குழி விழும். பானை தரும் இருபது டிகிரிச் சொச்சம் இவற்றுக்குச் சிறந்ததல்ல என்றாலும் கேடு செய்யாது. உள்ளே ஈரப்பதமும் மிகுந்திருப்பதால் காய் சுருங்காது. முட்டைகோஸ், கேரட், கீரைக்கோ பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர்தான் நல்லது. அங்கே குளிரறைக்குப் பானை நிகராகாது. எல்லாவற்றையும் ஒரே அறையில் ஒரே குளிரில் வைப்பதுதான் வாடகைக் குளிரறையின் பலவீனம். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பக்கத்துக் கிரேட்டின் கீரையை மஞ்சளாக்கும். வெங்காயத்துக்குப் பானை கூடவே கூடாது. உலர்ந்த காற்றுதான் அதற்கு மருந்து.

இரண்டு முறைகளின் கழுத்தையும் பருவகாலம் பிடிக்கும் இடங்கள் உண்டு. பானை மிக நன்றாக வேலை செய்யும் வறண்ட மாதங்களில்தான் சகாராவின் தெற்கு ஓரமான சாஹேல் பகுதியின் கிராமங்களில் கிணறு வற்றுகிறது. காலையும் மாலையும் மணலில் ஊற்றும் நீரைச் சுமப்பவர் பெரும்பாலும் பெண். திட்ட அறிக்கைகளில் பானையின் இயக்கச் செலவு பூஜ்ஜியம் என்று எழுதுகிறார்கள். அவள் நடக்கும் தூரத்தைக் கணக்கில் சேர்க்காததால் வந்த பூஜ்ஜியம் அது. உப்புநீர் ஊற்றினால் நுண்துளைகள் அடைபட்டு, பானை சில பருவங்களில் குளிர்வதை நிறுத்திவிடும் என்பதும் உண்டு. தெற்கே குளிரறைக்கு நேர்மாறான தொல்லை. சரக்கு வேகமாக அழுகும் மழை மாதங்களில்தான் மேகம் மூடித் தகடு குறைவாகத் தருகிறது. சூட்டில் வைத்த ஈயப் பேட்டரியின் ஆயுள், ஒவ்வொரு பத்து டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பாதியாகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டும். 2023 இல் நைராவின் மதிப்பு சரிந்த பிறகு, இறக்குமதிப் பேட்டரி வாங்குவது எவ்வளவு பெரிய சுமையாகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. இதனால்தான் சிலர் பேட்டரிக்குப் பதில் குளிரையே சேமிக்கிறார்கள். புனேயைச் சேர்ந்த ஈகோசென் நிறுவனத்தின் குளிரறை, பகல் வெயிலில் ஒரு பொருளை உறைய வைத்து, இரவில் அது உருகும்போது உள்ளே குளிரைக் காக்கிறது.

யாருடைய கையில் இருக்கிறது என்பதில்தான் இரண்டும் மிகவும் விலகுகின்றன. பானை வீட்டுக்குள் இருக்கிறது. பன்னிரண்டு கிலோ அளவு கொள்ளும். வடக்கு நைஜீரியாவின் முஸ்லிம் குடும்பங்களில் பல பெண்கள் வீட்டை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. விளைந்ததை அன்றன்றே விற்றாக வேண்டும் என்பதால் பெண் குழந்தைகளைத் தெருவுக்கு அனுப்புவது வழக்கம். சரக்கு நாலைந்து நாள் தாங்கும் என்றானதும் வாங்குபவர் வீடு தேடி வரும்வரை காத்திருக்க முடிந்தது. குழந்தைகள் பள்ளிக்குப் போக வழி கிடைத்தது. பா அப்பா தன் கண்டுபிடிப்பின் பலனாக இதைத்தான் பெரிதும் சொல்லிவந்தார். வேலையற்றிருந்த ஊர்க் குயவர்களைக் கூலிக்கு அமர்த்தி முதலில் 5,000 பானைகளைச் செய்வித்து இலவசமாகக் கொடுத்தார். படிக்கத் தெரியாதவர்களும் புரிந்துகொள்ள உள்ளூர் நடிகர்களை வைத்து நாடகம் ஒன்றைப் படமாக்கி ஊர் ஊராகக் காட்டினார்.

ஆனால் பானையைச் செய்பவருக்குக் கிடைக்கும் லாபம் மிகச் சிறியது. உடைந்தால் பக்கத்து ஊர்க் குயவரே இன்னொன்று செய்து தருவார். அதன் சிறப்பும் அதுதான், அதனாலேயே அதைத் தூக்கிச் சுமந்து விற்க எந்த நிறுவனமும் முன்வராது. 2010 இல் பா அப்பா மறைந்தார். அந்த அளவு உழைப்பைத் தொடர்ந்து செலுத்த அவரைப் போல இன்னொருவர் வேண்டும். அல்லது அரசு வேண்டும். நல்ல கருவி தன்னால் பரவும் என்ற நம்பிக்கை பானை விஷயத்தில் பலிக்கவில்லை.

குளிரறை பரவியதற்கு அதன் வாடகைதான் காரணம். தொடக்க கால வாடகைப்படி நாளுக்கு 100 கிரேட் உள்ளே இருந்தால் 10,000 நைரா வந்தது. அதில் ஆள் கூலி, பராமரிப்பு, அடுத்த பேட்டரிக்கான சேமிப்பு எல்லாம் அடங்க வேண்டும். காலியாகக் கிடந்தால் நிறுவனத்துக்கு நட்டம். அதனால் விவசாயியைத் தேடிப் போய்ப் பேச ஆள் வைக்கிறார்கள். அந்த வேலைகளில் பெண்கள் அமர்த்தப்படுவதும் நல்ல செய்தி. நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்ட குளிரறைகள் வந்துவிட்டன. அறை வாடகைக்குத் திறந்திருக்கும் சந்தையில் மாலை நேரத்தில் சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. காலைவரை காத்திருக்கலாம் என்று சொல்லும் பலம் வியாபாரிக்குக் கிடைக்கிறது. ஆனால் கிரேட் வாடகையை முன்கூட்டிக் கொடுக்க முடியாதவர், நாலு கிலோ கீரையோடு வருபவர், சந்தையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் ஆகியோருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1980களின் தொடக்கத்தில் புதுடெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான பூசா குளிர்க்கலம் அது. செங்கல்லால் இரட்டைச் சுவர், நடுவே 7.5 சென்டிமீட்டர் இடைவெளி, அதில் ஈரமணல், மேலே ஈரச்சாக்கும் கூரையும். பானையின் அதே தத்துவம்தான். கொள்ளளவு மட்டும் 100 கிலோ. கொத்தனார் ஒருவரும் சித்தாள் ஒருவரும் சேர்ந்தால் கட்டிவிடலாம். வறண்ட ஊரில், வயலுக்கும் சந்தைக்கும் நடுவே, பறித்த சரக்கு ஓர் இரவு தங்கிச் சூடு தணிவதற்கு இதைவிடத் தோதானது எனக்குத் தெரியவில்லை. சூடு தணிந்த சரக்குதான் குளிரறைக்குப் போக வேண்டும் என்று மேலே போட்ட கணக்கு சொல்கிறது. அப்படிப் பார்த்தால் வட நைஜீரியாவில் ஆவியாதல் முறையும் சூரியக் குளிரறையும் போட்டியாளர்கள் அல்ல. ஒன்று மற்றதன் மின்சாரத்தை மிச்சப்படுத்தும்.

என் தீர்ப்பு இது. ஜிகாவா, கானோ போன்ற வறண்ட பகுதிகளில் முதல் பணம் பானைக்கும் செங்கல் கலத்துக்கும், அவற்றுக்கு வேண்டிய தண்ணீருக்கும் போக வேண்டும். குளிரறை அங்கே லாரி ஏற்றும் இடத்தில் ஒன்றிரண்டு போதும். ஓவெரி போன்ற ஈரமான தெற்கில் பானைக்குச் செலவழிக்கும் காசு வீண். அங்கே சூரியக் குளிரறைதான் வழி, அதுவும் வாடகையில் பிழைக்கும் ஆள் நடத்துவதாக இருக்க வேண்டும். இலவசமாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பொறுப்பாளர் இல்லாமல் விட்ட குளிரறை, முதல் பேட்டரி செத்ததும் சாக்கு மூட்டை போடும் இடமாகிவிடும்.

நம் ஊரிலும் உழவர் குழுக்கள் மானியத்தில் குளிரறை கேட்டு விண்ணப்பம் எழுதுகின்றன. எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, சரக்கு குவியும் கொட்டகையின் நிழலில் மாட்டி, அறுவடை மாதங்களில் மத்தியானம் தோறும் அது காட்டும் எண்ணை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். உங்கள் ஊருக்கு எது தேவை என்பதை எந்த விற்பனை முகவரையும்விட அந்த நோட்டு நேர்மையாகச் சொல்லும்.